அடப்பக்காரர் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம்

ரங்கசாமி எங்கள் வாசற்படியில் நின்று, செருப்பில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் நல்ல மழை. அந்த மண் நனைந்துவிட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பு அரைக் கிலோ கூடும். அவர் சுரண்டிய வேகத்தைப் பார்த்தால் மண்ணின் மேல் மட்டும் கோபம் என்று தோன்றவில்லை.

"சார், அடப்பம்னா என்ன?" நிமிராமலே கேட்டார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. காப்பி குடிச்சிட்டுப் பேசுவோம்."

"காப்பி கெடக்கட்டும். மொதல்ல இதச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. பத்து நாளில் அவருடைய மகள் சுபாவுக்குக் கோவில்பட்டியில் நிச்சயதார்த்தம். மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று. அந்த நேரத்தில் இடைசெவல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து இவர் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறார் என்றால் எங்கோ இடிக்கிறது என்று புரிந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் விடைத்தாள் திருத்தும் முகாம்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர், "எல்லார் தப்பையும் எழுதுகிறீர், உமது தப்பு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது. இந்த வாரம் அதுதான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சிவப்பு வட்டம்

ரங்கசாமியின் வீட்டுக்கு ஊரில் 'அடப்பக்காரர் வீடு' என்று பெயர். தபால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வரை அப்படித்தான் கேட்டு வருவார்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற, தலைமுறை தலைமுறையாக உளுந்தும் பருத்தியும் போட்டு வருகிற விவசாயக் குடும்பம். அவர்களுடைய முன்னோர் ஒருவர் யாரோ ஒரு பாளையக்காரருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பணியில் இருந்தாராம். அதனால் வந்த பெயர் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை வீடு சங்கரன்கோவில் பக்கம். பையன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். பையனின் பெரியப்பா அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சரிபார்க்காமல் விடாதவர். பத்திரிகை அடிக்க விவரம் கேட்டபோதுதான் இந்த வீட்டுப் பெயர் அவர் காதில் விழுந்திருக்கிறது. உடனே அகராதியைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டார்.

ரங்கசாமி கைபேசியை நீட்டினார். அகராதிப் பக்கம் ஒன்றின் படம். 'அடைப்பம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் போட்டிருந்தது. முதலாவது, வெற்றிலைப் பை. இரண்டாவது, முடிதிருத்துபவரின் கருவிப் பை. இரண்டாவதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே பெரியப்பா ஒரே வரி எழுதியிருந்தார்: 'இதற்கு விளக்கம் தேவை.'

"வெளக்கம் வேணுமாம் சார். என்னத்த வெளக்க? எங்க பாட்டன் பூட்டன நான் எங்கன போய்த் தேட?" என்றார் ரங்கசாமி. "பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டுல சோறு தின்னவிய. இப்ப என்ன சாதின்னு புதுசாக் கேக்காவ."

கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர்

சொல்லின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

'அடை' என்பதற்கு இலை, வெற்றிலை என்று பழைய பொருள் உண்டு. வெற்றிலையும் பாக்கும் சேர்ந்தால் 'அடைகாய்'. அதைப் போட்டு வைக்கும் பை 'அடைப்பை'. அது 'அடைப்பம்' ஆகி, பேச்சில் 'அடப்பம்' ஆயிற்று. தெலுங்கிலும் இந்தச் சொல் உண்டு. அந்தப் பையை வைத்துக்கொண்டு அரசன் பக்கத்தில் நிற்பவர் அடைப்பக்காரர்.

கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். அரசன் வாய்க்குள் போகிற பொருள் இவர் கையிலிருந்து போகிறது என்பதை யோசித்தால் சின்ன வேலை இல்லை. நஞ்சு வைக்க நினைப்பவன் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் இவர்தான். அதனால் மிகவும் நம்பிக்கையான ஒருவரைத்தான் வைப்பார்கள். அரசன் பேசுகிற ரகசியம் எல்லாம் இவர் காதில் விழும். விஜயநகர அரசர்களிடம் அடைப்பம் தாங்கிய சிலர் பின்னாளில் படைத்தலைவர்களாக உயர்ந்ததாகப் படித்திருக்கிறேன்.

ஒருவர் கூடவே நின்று பணி செய்கிறவருக்குத் தமிழில் சொல்லுக்குக் குறைவில்லை. கையாள், ஏவலாள், எடுபிடி. 'இதை எடு, அதைப் பிடி' என்பதே ஒரு மனிதனுக்குப் பெயராகிவிட்டதைக் கவனியுங்கள். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'அட்டெண்டர்' வந்துவிட்டது.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் 'அட்டெண்டர்' என்று போட்டிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பது வருசமாப் பாக்கேன், இன்னைக்குத்தான் அட்டை குடுத்திருக்காவ" என்றாள். தையல் போட்ட வயிறோடு சிரிக்க முடியாமல் நான் பட்ட பாடு பெரும்பாடு.

சரி, இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். கத்தி, கத்தரி, சீப்பு, சாணைக்கல் எல்லாம் வைத்துச் சுருட்டிக் கட்டுகிற பையும் அடப்பம்தான். இதை நான் அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. முருகையா சொல்லித் தெரியும்.

முருகையா கோவில்பட்டியில் சலூன் வைத்திருப்பவர். என் வயதுதான் இருக்கும். இருபத்தைந்து வருடமாக அவரிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். ஒருநாள் சலூன் அலமாரியில் பழைய தோல் பை ஒன்றைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன். "எங்க அய்யாவோட அடப்பம் சார்" என்றார். தமிழ் வாத்தியார் புத்தி. சட்டைப்பையில் இருந்த நோட்டை எடுத்து அங்கேயே குறித்துக்கொண்டேன்.

ஆகவே ரங்கசாமி என் வாசலில் நின்று அர்த்தம் கேட்டபோது, இரண்டு பொருளும் உண்மை என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

கடைசி வரி

"நீங்க ஒரு லெட்டர் எழுதித் தாங்க சார். தமிழ் வாத்தியார் எழுதுனா அந்த மனுசன் மறுபேச்சுப் பேச மாட்டாரு" என்றார் ரங்கசாமி.

எழுதினேன். அடைப்பக்காரர் என்பது அரசருக்கு அணுக்கமான பணி என்றும், நம்பிக்கைக்கு உரியவருக்கே அது கிடைத்தது என்றும் முக்கால் பக்கம். அதுவரை பொய்யில்லை. இரண்டாவது பொருளைப் பற்றி மூச்சு விடவில்லை.

ரங்கசாமி வாசித்துப் பார்த்தார். "நல்லாருக்கு சார். ஆனா அவிய வட்டம் போட்டதுக்குப் பதில் இல்லையே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு வரி போட்ருங்க."

பேனா மூடியை மறுபடி திறந்தேன். சுபா என்னிடம் படித்தவள். நன்றாகப் படித்துக் கால்நடை மருத்துவராகிக் கழுகுமலையில் வேலை பார்க்கிறாள். ஒரு வரியால் அவள் கல்யாணம் நிற்க வேண்டுமா என்று நினைத்தேன். ரங்கசாமியின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இப்படி எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். எழுதியது நான்.

'இச்சொல்லுக்கும் முடிதிருத்தும் தொழிலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.'

கீழே கையெழுத்துப் போட்டு, 'ஓய்வுபெற்ற முதுகலைத் தமிழாசிரியர்' என்றும் எழுதினேன். ரங்கசாமி காப்பியைக் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். மறுநாளே பெரியப்பாவிடமிருந்து 'திருப்தி' என்று பதில் வந்ததாகப் போன் பண்ணிச் சொன்னார்.

சொல்லுக்கா, ஆளுக்கா?

நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டுமே என்று புதன்கிழமை முடிவெட்டப் போனேன். முருகையா வழக்கம்போல் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார். இரண்டு பக்கமும் வெட்டி முடித்து, பின்கழுத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சார், ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளுங்க."

"யாதொரு சம்பந்தமும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, அது சொல்லுக்கா, ஆளுக்கா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சீப்பை வைத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்து என் முன்னால் பிடித்தார். என் கையெழுத்து. என் கடிதம். ரங்கசாமி பெருமையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். அது குழு குழுவாகச் சுற்றி முருகையாவின் மருமகன் மூலம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"எங்க அய்யா பைக்கு நீங்கதான் பேரு கேட்டீங்க. இந்த நாற்காலியிலதான் இருந்தீங்க. நான் சொன்னேன். நோட்டுல எழுதுனீங்க" என்றார்.

"ஆமா" என்றேன்.

"எனக்கு ஞாபகப் பிசகோன்னு வீட்டுல கேட்டுப் பாத்தேன் சார். இல்ல, அடப்பம்தான்னு எங்க அக்காவும் சொல்லுதா."

கோபப்பட்டுப் பேசியிருந்தால்கூட எனக்கு ஏதாவது பதில் சொல்லத் தோன்றியிருக்கும். அவர் தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டு வீட்டில் போய்க் கேட்டிருக்கிறார். படித்தவன் எழுதியது தப்பாக இருக்காது என்று நினைத்திருக்கிறார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்துகொண்டேன்.

"தலையக் கொஞ்சம் நிமித்துங்க சார்" என்றார். பின்கழுத்தில் ஒரு கீறல் இல்லாமல், எப்போதும்போல் சுத்தமாக வேலையை முடித்தார். பவுடர் போட்டு, துணியை உதறி, "சரி சார்" என்றார். வழக்கமாக "பாத்துப் போங்க" என்பார். அன்று சொல்லவில்லை.

கழுகுமலையில்

மறுநாள் காலையில் கழுகுமலைக்குப் பஸ் ஏறினேன். ரங்கசாமியிடம் பேசுவதற்கு முன் சுபாவிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

கால்நடை ஆஸ்பத்திரியில் அவள் வயிறு உப்பிய ஆடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்காரப் பெண்மணி கொம்பைப் பிடித்திருக்க, இவள் விலாவில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டாள். ஊசி போட்டு, மருந்து புகட்டி, கையைக் கழுவிவிட்டு வந்தாள். கோட்டில் ஆட்டு வாடை.

நடந்ததைச் சொன்னேன். முருகையா கேட்டதையும் சொன்னேன்.

"லெட்டரை நானும் படிச்சேன் சார்" என்றாள். "எங்கப்பா உங்ககிட்டக் கேட்டாரு. நீங்க எழுதித் தந்தீங்க. பெரியப்பா திருப்தின்னாரு. என்கிட்ட யாருமே எதுவும் கேக்கல."

"உனக்கு இரண்டாவது அர்த்தம் தெரியுமாம்மா?"

"அவர் அனுப்பின படத்துலதான் வட்டம் போட்டுத் தெளிவா இருந்துச்சே." கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "அது இல்லைன்னு நாம எழுதிக் குடுத்தா, இருந்தா கேவலம்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே சார்? எனக்கு அதுதான் மூணு நாளா உறுத்துது" என்றாள்.

முப்பது வருடம் சொல் விளக்கம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். என் கடிதத்தின் பொருளை இவ்வளவு நேராக எனக்கே விளக்கிச் சொன்னவள் அவள்தான்.

"மாத்தி எழுதலாம்னு இருக்கேன். ஆனா உன் கல்யாணம்..."

"நீங்க எழுதுங்க. நான் அவர்கிட்டப் பேசிக்கிடுதேன்." அவர் என்றது மாப்பிள்ளையை.

அவள் அன்று சாயங்காலமே கோயம்புத்தூருக்குப் போன் செய்திருக்கிறாள். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா எந்தப் பையத் தூக்குனாருன்னு எங்களுக்குத் தெரியாது. கத்திப் பைன்னே வச்சுக்குவோம். நீங்க என்ன நினைக்கீங்க?" என்று கேட்டாளாம். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. "அதெல்லாம் பெரியவங்க பாத்துக்கிடுவாங்க. நாம ஏன் பேசணும்?" என்றானாம். "சரி, அப்ப நாம பேச வேண்டாம்" என்று இவள் வைத்துவிட்டாள். அப்பாவிடம் போய், எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது கடிதம்

நான் எழுதியது ஐந்தே வரி. அடைப்பம் என்ற சொல்லுக்கு வெற்றிலைப் பை, முடிதிருத்துபவரின் கருவிப் பை என்று இரண்டு பொருளும் உண்டு. இரண்டும் சரி. இந்தக் குடும்பத்தின் முன்னோர் எந்தப் பையைச் சுமந்தார் என்பது எனக்குத் தெரியாது. முன்பு எழுதிய கடைசி வரி பொய். தெரிந்தே எழுதினேன்.

ஒரு பிரதி பெரியப்பாவுக்கு, ஒன்று ரங்கசாமிக்கு, ஒன்று முருகையாவுக்கு.

பெரியப்பாவிடமிருந்து பதில் இல்லை. மண்டபத்துக்குச் சொன்னது, சமையலுக்குச் சொன்னது எல்லாம் ரத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள்.

ரங்கசாமி போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எழுதித் தரமாட்டேன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். ஊரக் கூட்டி என்னைய இல்லைன்னு சொல்ல வச்சு, பெறவு உண்டுன்னும் சொல்லிட்டீங்களே." அதில் நியாயம் இருந்தது. முதல் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் இரண்டாவதற்கு வேலையே இல்லை. அதன் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

முருகையாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் வேறு ஆள் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசித்தார்.

"இத எழுதச் சொல்லி யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"ம்." மறுபடியும் வாசித்தார். "அந்த மொதக் கடுதாசி நூறு எரநூறு பேருக்குப் போயிருக்கும் சார். இது எத்தன பேருக்குப் போகும்?"

"மூணு பேருக்கு" என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீங்கதான் புஸ்தகத்துல வாராவாரம் எழுதுதீங்களே" என்றார்.

எழுதியிருக்க வேண்டும். நான் தள்ளிப்போட்டேன். ரங்கசாமி பேச்சை நிறுத்தியிருக்கும்போது அவர் வீட்டு விஷயத்தை அச்சில் ஏற்ற மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அது, பாதி என் மானம். முடிவெட்டப் போகும்போதெல்லாம் முருகையாவிடம் 'எழுதுவேன்' என்று மட்டும் சொல்லிவந்தேன். இப்படியே அந்த வருடம் ஊரில் பாசிப்பயறு எடுத்து, மக்காச்சோளம் எடுத்து, கோடை உழவும் முடிந்துவிட்டது.

போன மாதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகையாவின் கடைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நாற்காலியில் ரங்கசாமி உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க சோப்பு நுரை. அவர் ஊரிலேயே சலூன் இருக்கிறது. பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்து சவரம் செய்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இல்லை. முருகையா என்னிடம் கேட்டதைச் சுபா வீட்டில் சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "வாங்க சார். உக்காருங்க. எனக்கு முடிஞ்சதும் நீங்க."

பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல், "சுபா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அவளுக்கென்ன? இப்ப எந்த எடம் வந்தாலும் நான் வாயத் தொறக்கப்பிடாதாம். மொதப் போனு அவதான் பேசுவாளாம். எங்க வீட்டுப் பேரு இது, இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, எங்களுக்கு எதுன்னு தெரியாதுன்னு எடுத்த எடுப்புல சொல்லீருதா. ரெண்டு பேரு டப்புன்னு வச்சுட்டானுவ."

"பெறவு?" என்றார் முருகையா, கத்தியைத் துடைத்துக்கொண்டே.

"மூணாவதா ஒருத்தன் விளாத்திகுளத்துக்காரன். வாத்தியார் வேல. 'சரிங்க, நீங்க நாய் பூனைக்கும் வைத்தியம் பாப்பீங்களா, எங்க வீட்டு நாய் சரியாத் திங்க மாட்டேங்குது'ன்னு கேட்டானாம்." ரங்கசாமி சிரிக்கப் பார்த்தார். "ஆடாதீங்க அண்ணாச்சி" என்று முருகையா அவர் தாடையைப் பிடித்து நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாராவ" என்றார் ரங்கசாமி.

முருகையா கத்தியைக் கன்னத்தில் இறக்கி அந்தப் பக்கத்தை முடித்தார்.

"பத்திரிகையில எழுதப் போறீங்களாமே. முருகையா சொன்னாரு" என்றார் ரங்கசாமி.

"நீங்க வேண்டாம்னா விட்டுருதேன் அண்ணாச்சி."

"எழுதுங்க. நான் எழுதச் சொன்னதையும் சேத்து எழுதுங்க. ஊரு பேரு மட்டும் வேண்டாம்."

முருகையா ஈரத் துணியால் அவர் முகத்தை ஒற்றியெடுத்தார். மீசையின் இரண்டு நுனியையும் சரிபார்த்து, நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கா?"

ரங்கசாமி முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.